மார்கழி விறகைச் சித்திரையில் வாங்குங்கள்



 

சித்திரை இதழின் ஆசிரியர் பக்கத்துக்கு விஷயப் பஞ்சமே கிடையாது. வேப்பம்பூப் பச்சடி இருக்கிறது, மாம்பழ வண்டிகள் இருக்கின்றன, தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் கதை ஆண்டுதோறும் இருக்கிறது. இத்தனையையும் ஒதுக்கிவிட்டு விறகு அடுப்பைப் பற்றி எழுதப் போகிறேன். வெயில் தலைக்கேறிவிட்டதோ என்று நினைத்துவிடாதீர்கள். இதையே மார்கழியில் எழுதினால் படிக்கலாம், பயன்படுத்த முடியாது. இப்போது படித்தால் காரியத்துக்கு ஆகும்.

பொங்கல் கழிந்ததும் வந்த கடிதங்களில் இரண்டைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். ஒன்று, கீழ்க்கட்டளையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் இருக்கும் வாசகி எழுதியது. பக்கத்து வீட்டுப் பின்கட்டில் விடிவதற்கு முன்பே வெந்நீர் அடுப்பு மூட்டுகிறார்களாம். அந்தப் புகை நேரே மாமனாரின் அறைக்கு வருகிறதாம். அவருக்கு வீசிங். மற்றொரு கடிதம் வேறொரு தெருவிலிருந்து, ஒரு பெரியவர் எழுதியது. அவர் வீடு கட்டியபோது சுற்றிலும் காலிமனைதான். இன்று மூன்று பக்கமும் மாடிகள். தென்னை மட்டையும் பாளையும் சொந்தத் தோட்டத்திலேயே விழும்போது அதைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு வெந்நீருக்குக் காசு கொடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனால் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரே மதில்சுவரின் இரண்டு பக்கமும் நின்று பேசுவது போல இருந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் ஒரு வரியில் பதில் போட முடியவில்லை.

முதலில், நம் பகுதியில் இன்னும் விறகு எரிப்பது யார் என்று பார்த்துக்கொள்வோம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் குடும்பங்களில் 82.9 சதவீதம் சமையலுக்கு எரிவாயு, மின்சாரம் போன்ற தூய எரிபொருளைப் பயன்படுத்துகின்றன. தாம்பரம் மாநகராட்சிக்குள் வீட்டுச் சமையல் அநேகமாகச் சிலிண்டருக்கு மாறிவிட்டது. மிச்சம் இருப்பவை நான்கு. பழைய வீடுகளின் வெந்நீர் அடுப்பு. மேடவாக்கம் பிரதான சாலையிலும் இருநூறடி ரேடியல் சாலையிலும் பலகை வைத்து அழைக்கும் விறகடுப்பு பிரியாணி. கல்யாணம், காதுகுத்து, கோயில் அன்னதானத்துக்குத் தற்காலிகமாக எழுப்பும் கோட்டை அடுப்பு. நான்காவது, கட்டுமான வேலைக்கு வெளிமாநிலங்களிலிருந்து வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவர்கள் மூன்று செங்கல்லை வைத்து மூட்டும் அடுப்பு.

இந்த நான்கும் ஆண்டு முழுக்க எரிந்தாலும், மார்கழியில்தான் நமக்கு மூச்சு முட்டுகிறது. அதற்குக் காரணம் மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் கூடுவது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஓய்கிறது. விறகுத்தொட்டியில் திறந்தவெளியில் கிடக்கும் சவுக்குக் கட்டை அப்போது நன்றாக ஊறிப்போயிருக்கிறது. அதே நேரத்தில்தான் குளிர் தொடங்கி வெந்நீர் வேண்டியிருக்கிறது. அந்த மாதங்களின் விடியற்காலைக் காற்றோ அசையாது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்க, அதன்மேல் வெதுவெதுப்பான அடுக்கு மூடிபோல் நிற்கிறது. புகை மேலே போக வழியில்லை, கடற்காற்று வரும்வரை தெருவிலேயே படுத்திருக்கும். ஈர விறகு, அதிகாலைத் தேவை, அசையாத காற்று ஆகிய மூன்றும் சேரும் நாளில் போகியும் வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை 2018-இல் பார்த்தோம். போகியன்று காலை மீனம்பாக்கத்தில் ஓடுபாதையே தெரியாமல், இறங்க வேண்டிய விமானங்கள் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் திருப்பிவிடப்பட்டன. அந்த ஓடுபாதை நம் பல்லாவரத்தை ஒட்டித்தான் இருக்கிறது.

இனி அடுப்புக்கு வருவோம். விறகு எரிகிறது என்கிறோம். உண்மையில் முதலில் எரிவது கட்டை இல்லை, சூடேறிய கட்டையிலிருந்து வெளிவரும் வாயுக்கள். காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ எண்பது சதவீதம் இப்படி வாயுவாகப் பிரியக்கூடியது. அந்த வாயு போதிய சூட்டில், போதிய காற்றோடு கலந்து, எரிந்து முடிக்கக் கொஞ்சம் நேரமும் கிடைத்தால் சுடராகிறது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் புகையாக வெளியேறுகிறது. ஆக, புகை என்பது நாம் காசு கொடுத்து வாங்கிய விறகில் எரியாமல் தப்பிப்போன பகுதி. புகையைக் குறைக்கும் அடுப்பு விறகையும் குறைப்பது இதனால்தான்.

ஈர விறகில் நடப்பதும் இதுவே. அன்று வெட்டிய மரத்தில் எடையில் பாதியளவு தண்ணீர் இருக்கலாம். ஒரு கிலோ வாங்கினால் அரைக் கிலோ தண்ணீர். அடுப்பு தன் சூட்டின் ஒரு பங்கை அந்தத் தண்ணீரை ஆவியாக்கச் செலவழிக்கிறது. அதனால் தீயின் சூடு இறங்குகிறது, வாயுக்கள் எரியாமல் போகின்றன, கண் எரிகிறது. ஊதாங்குழலை எடுத்து எவ்வளவு ஊதினாலும் தீரும் விஷயம் இல்லை.

சரி, புகைபோக்கி வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். இந்த யோசனைக்கு நம் நாட்டில் நீண்ட கதை இருக்கிறது. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா வழிநடத்திய அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம், வார்தா மகன்வாடியில் 1940-களிலேயே ‘மகன் சூலா’ என்ற புகைபோக்கி அடுப்பை உருவாக்கியது. மண்ணால் கட்டி, பல பாத்திரங்களை ஒரே தீயில் வைக்கும் அடுப்பு அது. ஐதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு 1950-களில் புகையில்லாச் சமையலறை வேண்டும் என்று எழுதியும் அடுப்பு வடிவமைத்தும் காட்டினார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ‘அஸ்த்ரா’ குழு 1980-களில் மூன்று பாத்திர அடுப்பைக் கொண்டுவந்தது. ஒரு தீயின் மிச்சச் சூட்டை அடுத்த பாத்திரத்துக்குத் திருப்பும் யோசனை நமக்குப் புதிதில்லை, கொடியடுப்பு வைத்திருந்த பாட்டிமார்களுக்கு நன்றாகத் தெரியும். மத்திய அரசு 1980-களின் தொடக்கத்திலிருந்து 2002 வரை நடத்திய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தில் மூன்று கோடிக்கும் அதிகமான அடுப்புகள் நாடெங்கும் கட்டித் தரப்பட்டன.

அவற்றில் எத்தனை நிலைத்தன என்பது வருத்தமான கதை. ஒடிசா கிராமங்களில் புகைபோக்கி அடுப்பு பெற்ற குடும்பங்களைப் பொருளாதார அறிஞர்கள் எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரெமா ஹன்னா மூவரும் நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். முதல் ஆண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அடுப்பில் விரிசல் விட்டது, குழாயில் கரி அடைத்தது, துடைப்பாரில்லை. பலர் பழைய அடுப்புக்கே போனார்கள். அடுப்பை வாங்குவது ஒருநாள் வேலை, அதைப் பராமரிப்பது அன்றாட வேலை என்பதுதான் அந்த ஆய்வு சொல்லும் பாடம்.

நம்மைப் போன்ற நெருக்கமான புறநகருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. புகைபோக்கி புகையை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. வயல்வெளியில் தனித்து நிற்கும் வீட்டுக்கு அது போதும். கீழ்க்கட்டளையில் ஓட்டுவீட்டுப் புகைபோக்கியின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதே உயரத்தில்தான் அடுத்த வீட்டு முதல்மாடி ஜன்னல் இருக்கிறது. நம் அடுக்களை சுத்தமாகிறது, அண்டை வீட்டு அறை அடுக்களையாகிறது. ஆகவே இங்கே அடுப்பு வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி, புகை எந்த வழியாக வெளியே போகிறது என்பதைவிட, புகை அடுப்புக்குள்ளேயே எவ்வளவு எரிந்து முடிகிறது என்பதே. புகைபோக்கி அதற்கு அடுத்த கேள்வி.

நம் ஊருக்குப் பக்கத்து நிறுவனம் ஒன்று பங்கேற்ற ஒரு பெரிய ஆய்வும் அண்டை வீட்டை மறக்கக் கூடாது என்றுதான் யோசிக்க வைக்கிறது. போரூர் ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு பல ஆண்டுகளாகச் சமையல் புகையை அளந்துவருகிறது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்த ஆய்வில் தமிழ்நாட்டுப் பகுதியை அந்தக் குழுதான் நடத்தியது. கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம் வட்டாரப் பெண்கள் அதில் பங்கேற்றார்கள். பாதிப்பேருக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் இலவசம், மறுபாதி வழக்கம்போல் விறகில் சமைத்தார்கள். முடிவுகள் 2022-இல் வெளியாயின. விறகில் சமைத்தவர்கள் ஒருநாளில் சுவாசித்த நுண்துகள் கனமீட்டருக்குச் சுமார் 71 மைக்ரோகிராம், எரிவாயுவில் சமைத்தவர்களுக்குச் சுமார் 24. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது பெரிய இறக்கம். ஆனால் குழந்தைகளின் பிறப்பு எடையில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு 5 மைக்ரோகிராம் மட்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தன் வீட்டு அடுப்பை மாற்றியவரும் தெருவின் காற்றைத்தான் சுவாசிக்கிறார்.

இனி, வாங்கப் போகிறவர்களுக்கு.

முதலில் ஒரு கணக்கு. இருபது லிட்டர் பக்கெட் தண்ணீரைக் குளிக்கும் பதத்துக்குச் சூடேற்ற ஏறக்குறைய ஒன்றரை மெகாஜூல் வெப்பம் வேண்டும். மூன்று கல் அடுப்பு விறகின் சூட்டில் பத்துப் பன்னிரண்டு சதவீதத்தைத்தான் பாத்திரத்துக்குக் கொடுக்கிறது, அதனால் பக்கெட்டுக்கு முக்கால் கிலோவுக்கு மேல் விறகு போகும். இருபத்தைந்து சதவீதம் கொடுக்கும் அடுப்பானால் நானூறு கிராம் போதும். அதே தண்ணீரை மின்சாரத்தில் சூடேற்றினால் அரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். விறகைக் காசு கொடுத்து வாங்குபவர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, கீசரோ மொட்டைமாடியில் சூரிய வெந்நீர்க் கலனோ போதுமா என்று முடிவு செய்யட்டும். போதும் என்றால் அதுதான் முதல் தேர்வு. தோட்டத்து மட்டையும் பாளையும் கொட்டாங்கச்சியும் சும்மா கிடைக்கிறவர்கள், பெரிய அளவில் சமைப்பவர்கள், வேறு வழியில்லாதவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

விறகு அடுப்புக்கு இந்தியத் தரநிலை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கையில் எடுத்துப் போகக்கூடிய விறகு அடுப்புகளுக்கான ஐ.எஸ். 13152, பகுதி 1, 2013-இல் திருத்தி வெளியிடப்பட்டது. அது அடுப்புகளை இரண்டாகப் பிரிக்கிறது. காற்று தானாக இழுபடும் அடுப்பு ஒருவகை, சிறு மின்விசிறி காற்றைத் தள்ளும் அடுப்பு இன்னொரு வகை. முதல் வகை குறைந்தது 25 சதவீத வெப்பத்தையாவது பாத்திரத்துக்குத் தர வேண்டும், விசிறி அடுப்பு 35 சதவீதம். பாத்திரத்துக்குப் போகும் ஒவ்வொரு மெகாஜூலுக்கும் முதல் வகை 350 மில்லிகிராமுக்கு மேல் துகள் விடக்கூடாது, விசிறி அடுப்புக்கு வரம்பு 150. ஒரு மெகாஜூல் என்பது சுமார் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு என்று நினைவில் வைத்துக்கொண்டால் இந்த எண்கள் கைக்குள் வந்துவிடும். கடைக்காரரிடம் இந்தத் தரநிலை எண்ணைச் சொல்லிச் சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். “புகையே வராது சார்” என்று வாயால் சொல்வதை வாங்கிக்கொண்டு வர வேண்டாம்.

எண்ணைப் பார்த்தால் விசிறி அடுப்புதான் ஜெயிக்கிறது. நெருக்கமான தெருவுக்கு நானும் அதைத்தான் சொல்வேன், இரண்டு நிபந்தனைகளோடு. விசிறிக்கு மின்சாரமோ பேட்டரியோ வேண்டும், உப்புக்காற்றும் ஈரமும் உள்ள நம் பகுதியில் அதைத் துடைத்துக் காப்பாற்ற வேண்டும். விறகைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிப் போடப் பொறுமையும் வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்காகத் துகள்வில்லைகள், அதாவது பெல்லட்டுகள், வந்தன. இந்திய அறிவியல் கழகத்தின் வடிவமைப்பில் பி.பி. நிறுவனம் கொண்டுவந்த ‘ஊர்ஜா’ அடுப்பு அப்படிப்பட்டது. வேளாண் கழிவில் செய்த வில்லைகளைப் போட்டு எரிக்கும் விசிறி அடுப்பு அது. 2006-ஐ ஒட்டித் தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரத்தில் அறிமுகமாகி லட்சக்கணக்கில் விற்றது. பிறகு வில்லையின் விலை ஏறியது, கிடைப்பதும் குறைந்தது. நல்ல அடுப்புகள் பரணுக்குப் போயின. ஒரே கடையில் மட்டும் கிடைக்கும் எரிபொருளை நம்பி அடுப்பு வாங்காதீர்கள். உங்கள் தோட்டத்திலோ விறகுத்தொட்டியிலோ கிடைப்பதை ஏற்கும் அடுப்பையே வாங்குங்கள்.

விசிறி இல்லாத வகையில் ‘ராக்கெட் அடுப்பு’ நல்ல தேர்வு. அமெரிக்கப் பொறியாளர் லாரி வினியார்ஸ்கி 1980-களில் வகுத்த கோட்பாடு. பக்கவாட்டில் விறகு நுழையும் வாய், அதிலிருந்து செங்குத்தாக மேலேறும் எரிகூடு, சூடு வெளியே கசியாதபடி சுற்றிலும் காப்பு. உள்ளே சூடு நிற்பதால் வாயுக்கள் பாத்திரத்தை எட்டும் முன்பே எரிந்துவிடுகின்றன. வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். விறகு வாயில் கட்டைக்கு அடியில் காற்று போக ஒரு தட்டோ சல்லடையோ இருக்கிறதா? அது இல்லாவிட்டால் கட்டை வாயை அடைத்துக்கொள்ளும். எரிகூட்டின் உட்சுவர் மெல்லிய தகரமா, கனத்த ஸ்டீலா, சுட்ட மண்ணா? மெல்லிய தகரம் சீக்கிரம் ஓட்டை விழும். உங்கள் தவலையோ அண்டாவோ அதன்மேல் ஆடாமல் உட்காருமா, தீ பாத்திரத்தின் அடியைத் தழுவுமா, பக்கத்தில் வீணாகுமா? உங்கள் பாத்திரத்தையே கடைக்கு எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

கரி அடுப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குமுட்டியில் கரி போட்டால் கண்ணுக்குப் புகை தெரியாது, பக்கத்து வீட்டார் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கொடைக்கானல், ஊட்டி போன்ற குளிர்ந்த ஊர்களில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் விடியலில் எழாமல் போன செய்திகளைப் படித்திருப்பீர்கள். கரியானாலும் விறகானாலும் எந்த அடுப்பும் திறந்த இடத்தில்தான் இருக்க வேண்டும்.

பிரியாணிக் கடைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. விறகுதான் உங்கள் பெயர்ப்பலகை என்று தெரியும். அதை எடுத்துவிடச் சொல்லவில்லை. ஆனால் மணத்துக்குக் காரணம் மசாலாவும் தம்மும்தான். தம் போடும் கட்டத்தில் மூடிமேல் கரித் தணல் கிடப்பதால் புகை மிகக் குறைவு. புகை வருவது அதற்கு முன்னால், காலையில் அடுப்பு மூட்டி எண்ணெய் காய வைக்கும் நேரத்தில். அந்தக் கட்டத்தை எரிவாயு பர்னரில் முடித்துவிட்டுத் தம்முக்கு மட்டும் தணலை வைத்துக்கொண்டாலே தெருவுக்குப் பெரிய உபகாரம். இதைத் தள்ளிப்போட முடியாத காலமும் வரலாம். விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் எரிவாயு போன்ற தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2025 ஜனவரியில் மும்பைக்கு உத்தரவிட்டது. நம் நாட்டு 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டமும் அதன் 19-ஆம் பிரிவில், குறிப்பிட்ட பகுதிகளில் எந்த எரிபொருள், எந்த எரிசாதனம் அனுமதிக்கப்படும் என்று வரையறுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது.

இப்படி ஒரு சட்டத்தோடு வாழப் பழகியவர்கள் நம் சொந்தக்காரர்களிலும் உண்டு. லண்டனில் ஈஸ்ட்ஹாமிலோ ஹாரோவிலோ இருக்கும் உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் மூடிய புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தபின், 1956-இல் அங்கே தூய காற்றுச் சட்டம் வந்தது. அன்றிலிருந்து ‘புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி’ என்று அறிவித்த இடங்களில் அங்கீகரித்த எரிபொருளையோ, விதிவிலக்குப் பெற்ற அடுப்பையோதான் பயன்படுத்தலாம். 2021 முதல் இங்கிலாந்தில் சிறு அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அடுப்புக்கு மட்டும் விதி செய்தால் போதாது, விறகுக்கும் வேண்டும் என்று அவர்கள் கண்டுகொள்ள அறுபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. நாம் அத்தனை நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த விறகு விஷயம்தான் சித்திரையில் இதை எழுத வைத்தது. எவ்வளவு நல்ல அடுப்பும் ஈர விறகில் தோற்றுப்போகும். காய்ந்த விறகு மழைக்குப் பிறகு கிடைக்காது, இப்போதுதான் கிடைக்கும். வரும் மார்கழிக்கு வேண்டியதை இந்த மாதமே வாங்குங்கள். மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் இருந்தால் பிளக்கச் சொல்லுங்கள், பிளந்த கட்டை சீக்கிரம் காயும். தரையில் போடாமல் இரண்டு செங்கல் உயரத்தில், இடைவெளி விட்டுக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். வெயில் பக்கம் திறந்திருக்கட்டும். ஆடி, ஆவணியில் ராத்திரி மழை தொடங்கும் முன் மேலே தகரம் போடுங்கள், பக்கங்களைத் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டாதீர்கள். காய்ந்ததா என்று பார்க்கக் கருவி வேண்டாம். இரண்டு கட்டைகளை மோதினால் ‘டங்’ என்று கணீரென ஒலிக்க வேண்டும், மந்தமாக ஒலித்தால் உள்ளே ஈரம். வெட்டுமுகத்தில் விரிசல் ஓடியிருக்கும், பட்டை எளிதில் உரியும். தென்னை மட்டைக்கும் இதே விதிதான். விழுந்த அன்றே எரிக்காமல் இரண்டு மாதம் வெயிலில் கிடக்கட்டும்.

எரிக்கக் கூடாதவற்றைச் சொல்ல ஒரு பட்டியலே போடலாம், ஆனால் இரண்டுதான் நம் பகுதியில் அதிகம். ஒன்று, அடுப்பு பற்றவைக்கப் பால் கவரையோ டியூப் துண்டையோ சொருகுவது. தேங்காய் நாரும் காய்ந்த பாளைச் சீவலும் அதைவிட நன்றாகப் பற்றும். இன்னொன்று, கட்டுமான இடத்துப் பிளைவுட், பெயிண்ட் அடித்த பலகை. பிளைவுட்டில் இருப்பது மரம் மட்டுமில்லை, பசையும் இருக்கிறது. அது எரியும்போது வரும் புகை விறகுப் புகையைவிட மோசம். குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் ஐயாயிரம் ரூபாய், பெருமளவில் எரித்தால் இருபத்தைந்தாயிரம் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-இலேயே உத்தரவிட்டிருக்கிறது. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்த நாட்களைப் பள்ளிக்கரணையைச் சுற்றி இருக்கும் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

பிளைவுட்டை எரிப்பவர்களைத் திட்டுவதற்கு முன் அவர்கள் நிலையையும் பார்க்க வேண்டும். மெட்ரோ வேலைக்கும் நம் அடுக்குமாடி வேலைக்கும் வந்திருக்கும் தொழிலாளி, தனக்கு இங்கே முகவரிச் சான்று இல்லை, சிலிண்டர் இணைப்பு கிடைக்காது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஐந்து கிலோ ‘சோட்டு’ சிலிண்டரை முகவரிச் சான்று இல்லாமலே அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம். இதை அவரிடம் சொல்லவும், கொட்டகைக்குப் பத்துப் பேருக்கு ஓர் அடுப்பும் சிலிண்டரும் வாங்கித் தரவும் வீடு கட்டுபவரால் முடியும். உங்கள் தெருவில் கட்டடம் எழும்புகிறதென்றால் மேஸ்திரியிடம் ஒருமுறை பேசிப் பாருங்கள். அவர்கள் மூட்டும் அடுப்பில் முதலில் மூச்சுத் திணறுவது அந்தக் கொட்டகைக் குழந்தைகள்தான்.

இரண்டாம் மாடி வாசகிக்கும் தோட்டத்து வீட்டுப் பெரியவருக்கும் என் பதில் இதுதான். அம்மா, உங்கள் பக்கத்து வீட்டாரிடம் அடுப்பை அணைக்கச் சொல்லாமல், மூட்டும் நேரத்தைப் பற்றிப் பேசுங்கள். வெயில் ஏறி ஏழு, எட்டு மணிக்கு மேல் காற்று அசையத் தொடங்கியபின் மூட்டினால் அதே புகை மேலே போய்விடும். ஐயா, உங்கள் மட்டையும் பாளையும் வீணாக வேண்டாம். நறுக்கி, காயவைத்து, விசிறி அடுப்பிலோ ராக்கெட் அடுப்பிலோ போடுங்கள். இப்போது ஆகும் விறகில் பாதி போதும், மிச்சம் அடுத்த ஆண்டுக்கும் வரும். அதிகாலைக் குளியலுக்கு மட்டும் மின்சாரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இதழிலிருந்து ஒரு சிறு ஏற்பாடு செய்கிறோம். விசிறி அடுப்போ ராக்கெட் அடுப்போ ஏற்கெனவே வைத்திருக்கும் வாசகர்கள் எங்களுக்கு எழுதுங்கள். எங்கே வாங்கினீர்கள், என்ன எரிக்கிறீர்கள், எது முதலில் பழுதானது, உதிரிபாகம் கிடைத்ததா என்ற நான்கு விஷயம் போதும். குறையையும் மறைக்காமல் எழுதுங்கள், குறைதான் அடுத்தவருக்கு அதிகம் பயன்படும். அவற்றைத் தொகுத்து ஆவணி இதழில் வெளியிடுகிறோம். ஐப்பசி மழைக்கு முன்னால் அடுப்பு வாங்க நினைப்பவர்களுக்கு அப்போது கையில் ஒரு பட்டியல் இருக்கும். விறகை மட்டும் ஆவணிவரை தள்ளிப்போட வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்